பத்து மணிக்கு மேல் பெனால்டி

ஏலக்காரியின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். காய்கறி மொத்தச் சந்தையில் பதினெட்டு வருஷமாக ஏலம் கூவுகிறவள் அவள். விடிகாலை நாலரைக்கு லாரிகள் பின்பக்கமாக வந்து வரிசை கட்டும். மூட்டைகள் இறங்கும். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று அவள் வாயைத் திறந்தால், கடைசி லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சந்தையில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அது கெட்டுப்போய் ரெண்டு வருஷமாகிறது. அதைப் பழுது பார்க்க வேண்டும் என்று இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அவளுடைய கணவர் தையல்காரர். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே நாளெல்லாம் வேலை செய்வதால் அவருக்குப் பேசும் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பெண்ணுக்கு வீட்டிலும் தெருவிலும் 'பூனை' என்றுதான் பேர். நாலு வயதில் அலமாரி மேலிருந்து குதித்து, கீழே விழாமல் கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கியவள். இருபத்திரண்டு வயதில் நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் ஆகிவிட்டாள்.

அந்த அணி அதற்கு முன் எந்தப் பெரிய போட்டியிலும் இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. அந்த வருஷம் எட்டியது. ஆட்டம் கடல் தாண்டி வேறொரு நாட்டில். பெற்றோருக்கு டிக்கெட்டெல்லாம் வந்துவிட்டது. ஏலக்காரியின் பாஸ்போர்ட்தான் வந்து சேரவில்லை. "நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நீ இல்லாம நான் அங்க போய் என்ன பண்றது? கத்துறதுக்கு ஆள் வேணாமா?" என்றார். அவர் அந்த மாதம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கத்துவதில்தான் சிக்கல்.

அவர்கள் குடியிருந்தது ஆறு மாடிக் கட்டிடம். எழுபத்திரண்டு வீடுகள், நான்கு பக்கமும் சுவர் போல எழுந்து நிற்க, நடுவில் ஒரு முற்றம். அங்கே தும்மினால் ஆறாவது மாடியில் கேட்கும். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நகரசபையின் அறிவிப்பு ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் நாற்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. முதல் தடவை தாண்டினால் எச்சரிக்கை, இரண்டாவது தடவையும் எச்சரிக்கை. மூன்றாவது தடவை தாண்டினால் பொது முற்றத்தை ஆறு மாதத்துக்கு, மாலை ஏழு மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் விளையாட முடியாது, வேலை முடிந்து வருகிறவர்கள் நாலு வார்த்தை பேசி உட்கார முடியாது. அந்த நெருக்கடியான கட்டிடத்தில் காற்று வாங்க வேறு இடமும் கிடையாது.

முதல் எச்சரிக்கை கால் இறுதி ஆட்டத்தன்று வந்தது. இரவு பத்தேகாலுக்குப் பூனை ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். ஏலக்காரி பால்கனிக்கு ஓடி வந்து ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். மூன்று தெரு தள்ளி நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. அரை இறுதி அன்று எழுபத்திரண்டு வீடும் சேர்ந்து கத்தியது. அதற்கு இரண்டாவது எச்சரிக்கை.

இரண்டு தடவையும் புகார் கொடுத்தது முதல் மாடியில் தனியாக இருந்த ஆம்புலன்ஸ் டிரைவர். நெடுநெடுவென்று வளர்ந்த முப்பது வயதுக்காரர், வாரம் பூரா விடிகாலை நாலு மணி ஷிஃப்ட். "பகல் பூரா சைரன் போட்டுக்கிட்டு ஓடுறவருக்கு நம்ம சத்தம் காதைக் குத்துதாம்" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாரோ கிண்டல் செய்தார்கள். அவர் எழுந்து நின்றார். "அக்கா பொண்ணு ஜெயிச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா உள்ள ஒரு உசுரை வெச்சுக்கிட்டு நூத்திப்பத்துல போறப்ப எனக்குக் கண்ணு சொக்குச்சுன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஏலக்காரிதான் முதலில், "தப்புதான் தம்பி. மன்னிச்சுக்கோ" என்றாள். அதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

இறுதி ஆட்டம் மாலை ஏழரைக்கு. ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், சட்டம் பத்து மணிக்குத்தானே ஆரம்பிக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். தையல்காரர் மூன்று வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடிப்புத் தெரியாமல் ஒட்டித் தைத்து ஒரு திரை செய்துவிட்டார். சங்கச் செயலாளர், தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், யாரிடமோ புரொஜெக்டர் இரவல் வாங்கி வந்தார். ஆறு மணிக்கே நாற்காலி, ஸ்டூல், கவிழ்த்துப் போட்ட வாளி என்று முற்றம் நிரம்பிவிட்டது. முந்நூறு பேராவது இருப்பார்கள்.

ஏழரைக்குத் திரையில் மைதானம் தெரிந்தது. ஆட்டம் தெரியவில்லை. மழை தெரிந்தது. அப்படி இப்படி மழையில்லை. கேமராவின் கண்ணாடியில் ஒருவன் குடம் குடமாக ஊற்றுவதுபோல் இருந்தது. எட்டு மணிக்கு விடும் என்றார்கள். எட்டரைக்கு விடும் என்றார்கள். ஒன்பதேகாலுக்கு மழை விட்டது. புல்லில் தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். பிறகு திரையின் கீழே ஒரு வரி வந்தது. ஆட்டம் பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கும்.

முற்றம் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது.

செயலாளர் வாளி ஒன்றின் மேல் ஏறினார். "எல்லாரும் கேளுங்க! திரையைக் கழட்டிடுவோம். அவங்கவங்க வீட்ல உக்காந்து பாருங்க. மூணாவது எச்சரிக்கை வந்தா முற்றம் போச்சு."

"வீட்ல உக்காந்தா மட்டும் சத்தம் வராதாக்கும்?" என்றாள் ஏலக்காரி. "எழுபத்திரண்டு சன்னல் வழியா எழுபத்திரண்டு சத்தம் வரும். என் வீட்டுச் சத்தமே போதும். இங்க இருந்தாலாவது ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்தலாம்."

"உன் வாயை யார் பொத்துறது?" என்றது ஒரு குரல். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தையல்காரர் எழுந்தார். அவர் எழுந்ததே செய்திதான். "சத்தமில்லாமப் பாப்போம்" என்றார். "முடியும்."

"எப்படி முடியும்?" என்று கேட்டார் செயலாளர்.

தையல்காரர் மூன்றாவது வரிசையில் இருந்த இஸ்திரிக்கடைக்காரம்மாவைக் கையைக் காட்டி அழைத்தார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் கையால்தான். இவர் தைக்கும் துணி எல்லாம் தேய்க்கப் போவது அவள் கடைக்கு என்பதால், பதினைந்து வருஷமாக இருவரும் கையாலேயே பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானம் ஆனவர்கள். தையல்காரர் இரண்டு கையாலும் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. அவள் விறுவிறுவென்று திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து, மணிக்கட்டைப் படபடவென்று அசைத்துக் காட்டினாள். "இது கைதட்டல்" என்றார் தையல்காரர். முஷ்டியை நெஞ்சில் இரண்டு தடவை வைத்தாள். "இது, அய்யோ போச்சே." உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து மெல்லத் தாழ்த்தினாள். "இது, பொறுங்க, பொறுங்க." முந்நூறு பேரும் செய்து பார்த்தார்கள். அவள் வரிசை வரிசையாகப் போய், தப்பாகச் செய்தவர்களின் கையைப் பிடித்துத் திருத்தினாள். செயலாளர் கைதட்டலுக்குப் பதில் 'அய்யோ போச்சே' செய்துகொண்டிருந்ததைப் பார்த்து அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பத்து நிமிஷத்தில் அந்தக் கட்டிடம் பூரா அவள் மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஒன்பது ஐம்பதுக்கு வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு நகரசபையின் சத்த ஆய்வாளர் வந்தாள். அரைக்கைச் சட்டை, தோளில் கறுப்புப் பை. ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வாங்கிய கட்டிடம், அதிலும் கோல்கீப்பர் வீடு என்பதால் ஆபீஸிலேயே அனுப்பி வைத்துவிட்டார்கள். ஒரு முக்காலியை விரித்து, அதன் உச்சியில் டார்ச் அளவுக்கு ஒரு மீட்டரைப் பொருத்தினாள். சிவப்பு எண்கள் எரிந்தன: அறுபத்தொன்று.

"இப்ப பரவாயில்லை. பத்து அடிச்சா நாப்பத்தஞ்சு" என்றாள். "குழந்தை அழுறது, இருமல், தும்மல் எல்லாம் கணக்கில வராது. மத்தபடி இங்க கிளம்புற சத்தம் எல்லாம் கணக்குதான். ஒரு தடவை தாண்டினாலும் நான் எழுதித்தான் ஆகணும். என்னைத் திட்டாதீங்க."

"யாரு மேடம் திட்டப் போறா? டீ குடிக்கிறீங்களா?" என்றாள் ஏலக்காரி. மீட்டர் அறுபத்தொன்பதுக்கு ஏறியது. ஆய்வாளர் எண்ணைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அம்மா, நீங்கதானா அது?" என்றாள்.

பத்து மணி. செயலாளர் ஒலியை அணைத்தார். முந்நூறு பேரும் வாயை மூடினார்கள். சிவப்பு எண் சரசரவென்று இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. திரை காற்றில் ஆடும் சத்தம்தான் அந்த முப்பத்தெட்டு.

ஆட்டம் தொடங்கியது.

சத்தமில்லாமல் கால்பந்து பார்த்ததுண்டா? கண் கூர்மையாகிவிடும். ஈரப் புல்லில் பந்து வழுக்குவது, நடுவரின் கன்னம் விசிலில் உப்புவது, பூனை கோல் கம்பத்தை இடது கையால் தொட்டுத் தொட்டு இடம் பார்த்துக்கொள்வது எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எட்டாவது நிமிஷத்தில் அவள் முதல் பந்தைப் பாய்ந்து பிடித்தாள். முற்றத்தில் அறுநூறு கைகள் மேலே எழுந்து காற்றில் படபடத்தன. சத்தம் துளியும் இல்லை. மீட்டர் முப்பத்தொன்பது. ஆய்வாளர் அந்தக் கைகளைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டாள்.

முப்பத்தோராவது நிமிஷம் எதிரணி கோல் போட்டது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சுக்கே நாற்பத்திரண்டு. எல்லோரும் முஷ்டியால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். ஏலக்காரி கணவரின் கழுத்தில் கிடந்த துண்டை உருவி நாலாக மடித்து வாயில் திணித்துக்கொண்டாள்.

இரண்டாவது பாதியில் நம் அணியின் நெட்டைப் பெண் ஒருத்தி, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று! ஜனம் எழுந்து நின்றது. வாய்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒன்றிலிருந்தும் குரல் வரவில்லை. சிலர் குதித்தார்கள். குதித்துத் தரையில் விழும்போது சத்தம் வருமே என்று ஞாபகம் வந்து பாதியில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தார், அதையும் சத்தமில்லாமல். அந்த நேரம் பார்த்து யாருடைய காலோ பட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் உருண்டது. டணங், டணங் என்று படிகளை நோக்கி அது போக, இஸ்திரிக்கடைக்காரம்மா காதால் அல்ல, கண்ணால் அதைப் பிடித்துவிட்டாள். ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முந்தானையால் அதை அமுக்கினாள். நாற்பத்து நாலு புள்ளி ஆறு.

எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். அவள் கட்டை விரலையும் சுட்டு விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினாள். மயிரிழை.

கூடுதல் நேரமும் ஓடி முடிந்தது. பன்னிரண்டரை தாண்டிவிட்டது. இன்னும் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி என்று திரையில் எழுத்து வந்ததும் ஏலக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தையல்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சந்தையில் எத்தனை பேர் முன்னால் நின்று கூவினாலும் நடுங்காத உடம்பு, தையல் மெஷின் போல நடுங்கியது.

ஒவ்வொரு அணிக்கும் ஐந்து உதை. நம்மவர்கள் முதலில். நம் பெண்கள் ஐந்தில் நாலைப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது உதைத்தவள் வானத்துக்கு அடித்தாள். எதிரணி நாலு உதைத்து மூன்றைப் போட்டிருந்தது. ஒன்று கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்த நாலிலும் பூனையின் விரல் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. மூன்று தடவை தப்பான பக்கம் பாய்ந்திருந்தாள். இப்போது எதிரணியின் ஐந்தாவது உதை. இது கோலானால் நாலுக்கு நாலு, ஆட்டம் நீளும். இதைத் தடுத்துவிட்டால் கோப்பை நமக்கு.

திரையில் பூனையின் முகத்தைப் பக்கத்தில் காட்டினார்கள். கன்னத்தில் சேறு. அவள் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "சளி பிடிச்சிருக்கு பாருங்க" என்று துண்டுக்குள்ளிருந்து ஏலக்காரி முனகினாள். நாற்பது. தையல்காரர் அவள் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டார்.

உதைக்கிறவள் நாலு எட்டு பின்னால் போனாள். ஓடி வந்தாள். பூனை இந்தத் தடவை முன்கூட்டிப் பாயவில்லை. நின்றாள். கால் பந்தைத் தொடுகிறவரை கல் மாதிரி நின்றாள். பந்து வலப்பக்கம் மூலையை நோக்கிப் பறந்தது. அவளும் பறந்தாள். முழு உடம்பும் தரைக்கு இணையாக நீண்டு, கையுறையின் நடுவிரல் நுனி பந்தில் பட்டு, பந்து திசை மாறிக் கம்பத்துக்கு வெளியே போய்ச் சேற்றில் விழுந்தது.

கோப்பை!

முற்றம் சிலை மாதிரி நின்றது. முந்நூறு தொண்டையில் முந்நூறு கத்தல் முட்டிக்கொண்டு நின்றது. கண்ணெல்லாம் பிதுங்கியது. கைகள் மேலே போய்ப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடின. செயலாளர் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஏலக்காரியின் வாயிலிருந்து துண்டு எப்போதோ நழுவி விழுந்திருந்தது. அவள் நெஞ்சு விம்மி, கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்தது. அடுத்த கணம் தையல்காரர் தன் தோளை அந்த வாய்க்குள் கொடுத்தார். அவள் கடித்தாள். சட்டையோடு சேர்த்து நன்றாகவே கடித்தாள். அவர் கண்ணில் நீர் முட்டியது; முகம் கோணியது; 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. பந்தைத் தடுத்தது மகள், கத்தலைத் தடுத்தது அப்பா.

மீட்டர்: நாற்பத்து நாலு.

ஆய்வாளர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய உதடும் துடிக்க ஆரம்பித்தது. முக்காலியை விட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவே புகுந்து ஏலக்காரியின் காதருகே வந்தாள். "அம்மா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சரக்கு லாரி நிறுத்துற மைதானம் இருக்கில்ல? அங்க சுத்து வட்டாரத்துல ஒரு வீடும் கிடையாது. குடியிருப்புப் பகுதி பாதையோட முடிஞ்சிடுது. அந்தப் பக்கம் இந்தச் சட்டம் செல்லாது" என்றாள் மூச்சுக்குரலில். "ஓடினா ஏழு நிமிஷம்."

ஏலக்காரி ஒரு கணம் முழித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவள் கழற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவர். சேதி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்நூறு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேட்டியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பொத்திப் பொத்தி ஓடினார்கள். மருந்துக்கடை, மூடிய சலூன், பள்ளிக்கூடத்து மதில். தூங்கும் சன்னல்களுக்குக் கீழே பாதங்கள் மட்டும் தப்தப்பென்று மெத்தையில் வைப்பதுபோல் விழுந்தன. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவரும் முன்னால் ஓடினார். ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வர, இரண்டு பேர் அவள் வாயைப் பொத்தியபடியே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆய்வாளர் மீட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

ரயில் பாதையைத் தாண்டினார்கள். சரளைக் கல் காலைக் குத்தியது, யாருக்கும் தெரியவில்லை. லாரி மைதானத்தின் நடுவே, விளக்குக் கம்பத்துக்குக் கீழே போய் நின்றதும் ஆய்வாளர் மீட்டரைத் தூக்கிப் பிடித்து, "ம்!" என்றாள்.

வெடித்தது.

அதைச் சத்தம் என்று சொல்வது போதாது. மணிக்கணக்காக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நின்றிருந்த லாரிகளின் தகரம் அதிர்ந்தது. ஒருவர் லாரிச் சக்கரத்தில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார். செயலாளர் தான் யார் என்பதை மறந்து தலைக்கு மேல் செருப்பைச் சுழற்றினார். இஸ்திரிக்கடைக்காரம்மா ஒரு லாரியின் கதவில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றாள். தகரத்தின் அதிர்வு கை வழியாக ஏற, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நூற்றுப்பதினான்கு! ஆய்வாளர் எண்ணை உரக்கப் படித்தாள். அவள் படித்தது அவளுக்கே கேட்கவில்லை.

ஏலக்காரி மட்டும் கத்தவில்லை.

வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள், தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பதினெட்டு வருஷம் கூவிய தொண்டை, கத்தலாம் என்று ஊரே வழிவிட்டு நிற்கும்போது கைவிட்டுவிட்டது. தையல்காரர் சட்டை கிழிந்த தோளோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பூனை.

வீடியோவில் அவள் முகம், சேறு, பின்னால் தோழிகளின் ஆட்டம், தாளம், வாணவேடிக்கை. "அம்மா! அம்மா! பாத்தியா? பாத்தியாம்மா?"

ஏலக்காரி தலையை ஆட்டினாள். "பா... பாத்தேன்டி" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"என்னம்மா? கேக்கலை! இங்க ஒரே சத்தம்! என்னம்மா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா? அப்பா, அம்மாவுக்கு என்ன? ஏன் பேச மாட்டேங்குறா?"

பெண் பயந்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஏலக்காரிக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. போனை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "பாத்தேன்டி என் தங்கமே! பாத்தேன்! பாத்தேன்! மூக்கைத் துடைடி முதல்ல!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடல் தாண்டிய அந்த மைதானத்தில் பூனையின் தோழிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததைப் போனில் எல்லோரும் பார்த்தார்கள். பூனை விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரும்பி வரும்போது மணி ஒன்றரை. மறுபடியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர் வாசலில் முக்காலியை மடித்தாள். படிவத்தில், அதிகபட்சம் நாற்பத்து நாலு புள்ளி ஆறு, மீறல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செயலாளர் அந்த நகலை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு படியேறினார்.

ஏலக்காரி படுக்கவில்லை. எப்படியும் நாலு மணிக்குச் சந்தையில் இருக்க வேண்டும். தையல்காரரின் தோளில் மருந்து போட்டாள். எட்டுப் பல் தெளிவாகப் பதிந்திருந்தது. குளித்து, தலையை முடிந்துகொண்டு மூன்றரைக்குப் படியிறங்கினால், முதல் மாடியில் கதவு திறந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர், சீருடையில், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"அக்கா! என்னாச்சு? மேட்ச் நடந்துச்சா?"

"நடந்துச்சாவா? உனக்குத் தெரியாதா தம்பி?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"எட்டு மணிக்கு மழைன்னு போட்டான். சரி, கொஞ்சம் தலையைச் சாய்ப்போம், ஆட்டம் ஆரம்பிச்சா நீங்க போடுற சத்தத்துல தானா முழிச்சுக்குவேன்னு அலாரம் கூட வைக்கலைக்கா! இப்பத்தான் கண்ணு முழிக்கிறேன். இவ்வளவு அடிச்சுப் போட்டாப்புல நான் தூங்கி வருஷமாச்சு." அவர் முகம் அழுகிற பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. "நான் பள்ளிக்கூட டீம்ல கோல்கீப்பர்க்கா. ஒரு சத்தம் போட்டு எழுப்பக் கூடாதா? சரி, சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க... இல்ல, சொல்லுங்க! ஜெயிச்சோமா?"

ஏலக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டம் முடிகிற ஆறு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. கூடையைக் கீழே வைத்தாள். படிக்கட்டின் கைப்பிடியைக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டு இடது கையால் தொட்டாள்.

"ஜெயிச்சோம். ஆனா அப்படிச் சொன்னா உனக்கு என்ன தெரியும்? உக்காரு, நடந்த மாதிரியே சொல்றேன். உனக்கு எத்தனை நிமிஷம் இருக்கு?"

"பதினஞ்சு."

"போதும்" என்றாள் மூச்சுக்குரலில். "அஞ்சாவது பெனால்டி. உதைக்கிறவ நாலு எட்டு பின்னால போறா. நம்மவ அசையலை. அப்படியே நிக்குறா, இதோ, இப்படி..."

ஆம்புலன்ஸ் டிரைவர் படியில் உட்கார்ந்து, ஒரு ஷூவின் நாடாவைக் கையில் பிடித்தபடி, கண் கொட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.